வலது துடுப்பு

மார்ச் 5, செவ்வாய்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்ட்டை இன்று மறுபடியும் சோதித்தேன். கதவு ஆட்களை இடிக்கிறது என்று ஓயாமல் புகார். சென்சார், பெல்ட், மோட்டார் எல்லாவற்றையும் கழற்றி மாட்டினோம். ஒன்றும் இல்லை. ஆள்மேல் பட்டதும் கதவு ஒழுங்காகத் திரும்பித் திறக்கிறது. விதி கேட்பது அவ்வளவுதான். ‘பழுது இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்குச் சந்தேகம் புகார் கொடுப்பவர்கள்மேல்தான். பராமரிப்பை வேறு ஆளுக்கு மாற்றிவிட வழி தேடுகிறார்கள் போல.

என்னோடு வரும் மெக்கானிக்கை எல்லாரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவோம். திரும்பும்போது வண்டியில் கேட்டான்: “மேடம், கண்ணாடி பாக்கும்போதாவது எதிர்ல நிக்கறது நீங்கதான்னு நம்புவீங்களா?” லிஃப்ட் சோதிக்கிறவள் நம்ப ஆரம்பித்தால் ஆட்கள் கீழே விழுவார்கள் என்றேன். அவன் சிரித்தான். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால் ‘இரட்டைத் துடுப்பு’க்கு ஒரு மாற்றக் கோரிக்கை. பின்னால் கேள்வி வந்தால் கையில் இருக்கட்டும் என்று இதை விவரமாகவே எழுதி வைக்கிறேன்.

அண்ணனும் நானும் படிக்கிற காலத்தில் எழுதிய விளையாட்டு இது. ஒரு ஆறு, ஒரு படகு, ஆட இரண்டு பேர். இடது துடுப்பு நான், வலது அவன். கணினி விசையை ஒரு முறை தட்டினால் துடுப்பு ஒரு இழுப்பு இழுக்கும். ஒரு பக்கம் தளர்ந்தால் படகு அந்தப் பக்கமே திரும்பிக் கரையில் முட்டும். திறந்த மூல மென்பொருள் என்பதால் யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து பார்க்கலாம், மாற்றி அனுப்பலாம். சேர்ப்பதா வேண்டாமா என்பது எங்கள் இருவர் கையில். இருவரும் ஒப்புக்கொண்டால்தான் சேரும்.

இன்று வந்த மாற்றம் ஒரே ஒரு வரி. விசையைத் தட்டிக்கொண்டே இருக்காமல் அழுத்திப் பிடித்தாலே துடுப்பு ஓடுகிற வசதி ஏற்கெனவே இருக்கிறது. வேண்டுமென்பவர் அமைப்புகளில் போய் டிக் போட்டுக்கொள்ளலாம். அதை எல்லாருக்கும் தொடக்கத்திலேயே டிக் போட்டு வைக்கச் சொல்கிறார் ஒருவர். பெயர் ‘தவளை’. கணக்கு தொடங்கியதே இந்த வாரம்தான்.

எந்தக் கோரிக்கையிலும் ஒரு கேள்விக்குப் பதில் எழுதியாக வேண்டும்: ‘இது யாருக்கு வேண்டும்?’ நான் சேர்த்த கேள்வி. வேலையில்லாதவர்களை அது பாதி வடிகட்டிவிடும். எல்லாரும் ‘எல்லா ஆட்டக்காரர்களுக்கும்’ என்று எழுதுவார்கள். தவளையின் பதில்: ‘ஒருவருக்கு.’

ஒருவருக்காக எல்லாருக்கும் மாற்ற வேண்டுமாம். எங்கேயோ இடிக்கிறது.

மார்ச் 6

அண்ணன் அதை மூடிவிட்டான். ‘தேவையில்லை.’ அவ்வளவுதான் பதில்.

கோரிக்கைகளை வாரக்கணக்கில் ஊறப்போடுகிறவன் அவன். திட்டி எழுதுபவர்களுக்குக்கூட ‘நன்றி, யோசிக்கிறோம்’ என்று எழுதுவான். இதற்கு மட்டும் என்ன அவசரம்?

மார்ச் 10, ஞாயிறு

ஞாயிறு மாலை ஆட்டம். அவன் ஊரில் அவன், என் ஊரில் நான், காதில் ஹெட்போன். போனில் பேசினால் ‘சாப்டியா, சரி வெச்சுடறேன்’ என்பதோடு முடிந்துவிடும். அப்பா இறந்த வருடத்தைக்கூட நாங்கள் துடுப்புப் போட்டுக்கொண்டேதான் கடந்தோம். அதனால் இந்த ஆட்டத்தை நான் விட்டதில்லை. ஜுரத்தில்கூட உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று படகு வலப்பக்கமே இழுத்தது. பாலம் தாண்டியதும் கரையில் முட்டியது. திருப்பினோம், மறுபடி முட்டியது.

“என்னண்ணா, தூங்கறியா?”

“நெட் சரியில்ல.”

இணைப்பைப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. பொய். ஒரு கையில் போனை வைத்து நோண்டிக்கொண்டே மறு கையால் என்னோடு ஆடுகிறான் என்று நினைக்கிறேன். பாதியிலேயே “வேலை இருக்கு போலீஸ், அப்புறம் பாக்கலாம்” என்று போய்விட்டான். சின்ன வயதிலிருந்து அவன் என்னைக் கூப்பிடும் பெயர் அது. இன்று கேட்க எரிச்சலாக இருந்தது.

மார்ச் 12

தவளை விடவில்லை. மூடியதைத் திறந்து எழுதியிருக்கிறது: ‘பாலத்துக்கு அடுத்த வளைவில் வலது துடுப்பைக் கை எடுக்காமல் தட்ட வேண்டியிருக்கிறது. இடது துடுப்புக்கு அவ்வளவு சிரமம் இல்லை.’

உண்மைதான். ஆனால் வலது துடுப்பைப் பலகாலம் பார்த்தவருக்குத்தான் இது தெரியும். புதுக் கணக்குக்கு எப்படித் தெரிந்தது?

நான் பதில் போட்டேன்: ‘அந்த வசதி “உதவி முறை” பக்கத்தில் இருக்கிறது. வேண்டியவர் போய் டிக் போட்டுக்கொள்ளலாம்.’

தவளை: ‘வேண்டியவர் அந்தப் பக்கம் போக மாட்டார்.’

ஏன், கால் வலிக்குமா? கேட்டேன், கொஞ்சம் மரியாதையாக. பதில் இல்லை.

உதவி முறை பக்கமும் என் கைவேலைதான். டிக் போட்டவரின் படகில் ஒரு சின்ன ஊன்றுகோல் படம் வரும், கூட ஆடுபவருக்கும் எதிர்ப் படகுக்கும் தெரியும்படி. படகுக்குப் படகு போட்டி வைக்கும்போது யாரும் ரகசியமாக உதவி வைத்துக்கொண்டு ஜெயிக்கக் கூடாதல்லவா? அன்று அண்ணன் ‘இது எதுக்குடி?’ என்றான். நியாயம் என்றேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

ஒரு வரி நல்லதாக அனுப்பி நம்பிக்கை சம்பாதித்து, பிறகு மெல்ல விஷத்தை நுழைப்பவர்கள் இந்த உலகத்தில் உண்டு. தவளையின்மேல் ஒரு கண் வைக்க வேண்டும்.

மார்ச் 17, ஞாயிறு

அண்ணன் வரவில்லை. போன் செய்தேன். அண்ணி எடுத்தார்.

“குளிக்கிறார்ம்மா.”

பின்னாலிருந்து அவன் குரல்: “வெளிய போயிருக்கேன்னு சொல்லு.”

அண்ணி இரண்டையும் சேர்த்தார். “குளிச்சிட்டு வெளிய போவார்,” என்றார்.

கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. சிரிப்புதான் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மார்ச் 18

ஒளிக்கிறார்கள். எதை?

மார்ச் 21

ஸ்பேனரிடம் பெயர் சொல்லாமல் கதையாகச் சொன்னேன். ஒருவன் பழைய கூட்டாளியைத் தவிர்க்கிறான், புது ஆள் ஒருவன் முளைக்கிறான், இருவரும் ஊருக்கு முன்னால் சண்டை போடுகிறார்கள். என்ன அர்த்தம்?

“ரெண்டு பேரும் ஒண்ணு,” என்றான், பிளக்கைச் செருகிக்கொண்டே.

எனக்கும் அதே எண்ணம்தான். போன வருடம் ஒரு நிறுவனம் எங்கள் படகை வாங்கிக்கொள்கிறோம் என்று கேட்டது. அண்ணன் முடியாது என்றான். இப்போது மனசு மாறியிருக்கலாம். தவளை அவர்கள் ஆளாக இருக்கலாம். சின்னக் குழந்தையும் ஆடுகிற மாதிரி எளிதாக்கினால்தானே கடையில் ஓடும். அண்ணன் மூடுவது என் கண்ணில் மண்ணைத் தூவ. என்னோடு ஆடாமலிருப்பது முகத்தைப் பார்க்க முடியாமல்.

எல்லாம் பொருந்துகிறது. எல்லாம் இப்படிப் பொருந்தினாலே எனக்குச் சந்தேகம் வரும். இருந்தாலும் பொருந்துகிறதே.

மார்ச் 24, ஞாயிறு

வரவில்லை. நான் மட்டும் உள்ளே போய்ப் படகைத் திறந்து உட்கார்ந்தேன். ஒரு துடுப்பு போட்டால் படகு வட்டமடிக்கும் என்பதால் சும்மா இருந்தேன். வலது துடுப்பு தண்ணீரில் அப்படியே கிடந்தது. கரையில் நாங்கள் வரைந்து வைத்த தவளை—

அட. கரையில் ஒரு தவளை இருக்கிறது. அதைக் கூர்ந்து பார்த்தவர்தான் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும்.

அண்ணன் இல்லாமல் எனக்குப் பிடிக்கவில்லை. விளையாட்டை விற்றாலும் விற்கட்டும், என்னிடம் சொல்லிவிட்டு விற்கலாமே.

மார்ச் 27

தவளைக்குத் தனியாக எழுதினேன்: ‘நீங்கள் யார்? வலது துடுப்பைப் பற்றி உங்களுக்கு எப்படித் தெரியும்?’

பதில்: ‘பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்.’

அண்ணனின் கணினிக்குள் எவனோ புகுந்து உட்கார்ந்திருக்கிறான். போனில் சொல்லக் கூடாது, போனையும் கேட்பான். நேரில் போகிறேன். அந்த ஊரில் அடுத்த வாரம் ஒரு சோதனை இருக்கிறது. வேறு ஆளுக்குப் போட்டிருந்ததை என் பேருக்கு மாற்றிக்கொண்டேன்.

ஏப்ரல் 3, புதன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

சொல்லாமல்தான் போனேன். கதவைத் திறந்த அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. “வாம்மா,” என்றார். “அவர் கடைக்குப் போயிருக்கார், வந்துடுவார்.” உள்ளே உட்கார்ந்ததும் கண் தானாகச் சோதிக்க ஆரம்பித்தது, என் பிழைப்பு அது. அண்ணனின் ஷூவில் கயிறு இல்லை. போட்டு மாட்டிக்கொள்கிற ரகம். குடிக்கிற கோப்பைக்கு மூடி, மூடியில் சின்ன ஓட்டை. நாற்காலியில் கிடந்த சட்டைக்குப் பொத்தானுக்குப் பதில் ஒட்டுப்பட்டை. குழந்தை இல்லாத வீடு இது. இதெல்லாம் யாருக்கு?

அண்ணன் வந்தான். “போலீஸ் ரெய்டா?” என்று சிரித்தான். வலது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. உட்கார்ந்தபோதும் எடுக்கவில்லை. இடது கையால் தேநீர் குடித்தான். வீட்டுக்குள், சொந்தத் தங்கச்சி முன்னால், பையில் கை வைத்துக்கொண்டு எவன் உட்காருவான்? பையின் துணி லேசாக அசைந்துகொண்டே இருந்தது. அது நிற்கவே இல்லை.

நான் பார்த்ததை அவன் பார்த்தான். “முகம் கழுவிட்டு வரேன்,” என்று எழுந்து போனான்.

நான் அடுப்படிக்குப் போனேன். அண்ணி கோப்பையைத் தேய்த்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை.

“தவளை நான்தான்,” என்றார்.

அவர் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் விளையாட்டில் ஒரு நாளும் விசையைத் தொட்டதில்லை.

“போன வருஷம் கைல ஆரம்பிச்சுது. நடுக்குவாதம்னு டாக்டர் சொல்லிட்டார். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டார். இத்தனை நாள் நான் சொல்லல. ஒரு வரிய மாத்தித் தாங்கன்னு கேட்டேன், அவ்வளவுதான்.”

“அந்த டிக்க அவனே போட்டுக்கலாமே அண்ணி. ஒரு நிமிஷ வேலை.”

“போட்டா உன் ஸ்கிரீன்ல ஊன்றுகோல் வருமே.”

நான் ஒரு துணியை எடுத்து, கழுவி வைத்த கோப்பையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“ஒரு ஞாயித்துக்கிழமை போட்டார்,” என்றார் அண்ணி. “படகுல அந்தப் படம் வந்துச்சு. அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார். நீ உள்ள வர நேரம் ஆனதும் எடுத்துட்டார். அன்னிக்குத்தான் உன்கிட்ட நெட் சரியில்லன்னு சொன்னார்.”

“நீங்க எப்படி அண்ணி, இதெல்லாம்…”

“உங்க விளையாட்டுப் பக்கத்துலயே எழுதியிருக்கே, மாத்தணும்னா எங்க அழுத்தணும்னு. ‘இல்லை’ன்னு இருந்தத ‘ஆம்’னு மாத்தினேன். எல்லார் படகுலயும் அந்தப் படம் வந்தா அவர் படகுல வர்றது தனியாத் தெரியாதுல்ல. அவருக்கு நான்னு தெரியாது. எவனோ விளையாட்டக் கெடுக்க வந்திருக்கான்னு என்கிட்டயே திட்டறார்.”

அதற்குள் அண்ணன் வந்துவிட்டான். மூன்று பேரும் மழையைப் பற்றிப் பேசினோம். மழை பெய்யவில்லை.

ஏப்ரல் 4

கோபம்தான் முதலில் வந்தது. என்கிட்டயா ஒளிக்கணும்? கட்டை விரல்ல முள்ளு குத்தினாக்கூட என்கிட்டதான ஓடி வருவ, ஊசி எங்கன்னு? நான் என்ன சிரிச்சுடுவேனா?

அண்ணி சொன்னதையும் சரிபார்த்தேன். என் புத்தி அப்படி. விளையாட்டின் பதிவேட்டில் மார்ச் பத்தாம் தேதி உதவி முறை போடப்பட்டு எடுக்கப்பட்டிருக்கிறது. உண்மை.

என்னோடு ஆடுகிறவன் ஏமாற்றுகிறானா என்று பார்க்க நான் வைத்த படம் அது. வேறு யாரையும் அது பிடித்ததாக எனக்கு நினைவில்லை. என் அண்ணனைப் பிடித்திருக்கிறது.

ஏப்ரல் 8, திங்கள்

அந்தக் குடியிருப்புக்குப் போனேன். புகார் எதுவும் வரவில்லை, நானாகவே போனேன். கருவிப் பெட்டியைத் திறக்காமல் தரைத்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து லிஃப்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இளசுகள் ஓடி ஏறின. பையோடு வந்த அம்மாவை இடித்தது. தடி ஊன்றி வந்தவர் கதவைப் பார்த்ததுமே நின்றுவிட்டார். படியைப் பார்த்தார். படியிலேயே ஏறினார்.

கதவு திறந்து நிற்கும் நேரம், தொழிற்சாலையில் வைத்து அனுப்பியபடியே இருக்கிறது. அதை யாரும் தொட்டதே இல்லை. பழுதைத் தேடினேனே தவிர, அது யாருக்காக வைத்த நேரம் என்று நான் கேட்கவில்லை. கூட்டி வைத்தேன்.

“பழுது இல்லன்னு எழுதினீங்களே மேடம்?” என்றான் ஸ்பேனர்.

“பழுது இல்லதான்.”

அவன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான்.

ஏப்ரல் 11

இன்று நானே ஒரு கோரிக்கை எழுதினேன். உதவி முறை பக்கத்தையே எடுத்துவிட்டேன். அதிலிருந்தவை ஒலி, நிறம் எல்லாம் இருக்கிற சாதாரணப் பக்கத்துக்குப் போகின்றன. ஊன்றுகோல் கிடையாது. தொடக்கத்திலேயே எல்லாருக்கும் அழுத்திப் பிடித்தால் துடுப்பு ஓடும். தட்டித்தான் ஆடுவேன் என்பவர் போய் டிக் போட்டுக்கொள்ளட்டும், அவருக்குக் கால் வலிக்காது.

அண்ணனும் ஒப்புக்கொண்டால்தான் சேரும். தவளைக்கு மூடிய மாதிரி எனக்கும் மூடிவிட்டால்?

‘இது யாருக்கு வேண்டும்?’ என்ற இடத்தில் வெகுநேரம் நின்றேன். ‘உனக்கு’ என்று எழுத முடியாது. ‘எல்லாருக்கும்’ என்றால் நம்பமாட்டான், என் அண்ணனாயிற்றே. கடைசியில் ‘எனக்கு’ என்று எழுதி அனுப்பினேன்.

பொய்யா? ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேண்டும். அந்த அர்த்தத்தில் பொய்யில்லை.

ஏப்ரல் 12

காலையில் வேலையிடத்தில் நிற்கும்போது அண்ணன் போன். அவனாகக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று.

“உன் கைக்கு என்ன?”

“ஒண்ணும் இல்லண்ணா. பேனல் திருகித் திருகி வலி, அவ்வளவுதான்.”

“அவ்வளவுதான்னா? நடுங்குதா? மரத்துப்போகுதா? எந்தக் கை?”

“இடது.”

“டாக்டர்கிட்ட காட்டினியா? நீ காட்டமாட்ட, உனக்கு டாக்டர்மேலயும் சந்தேகம் வரும். இந்தா பாரு, கைல ஏதாவதுன்னா ஒளிச்சு வைக்காத. சீக்கிரம் பாத்தா எவ்வளவோ பண்ணலாம். ஒளிச்சு என்ன பண்ணப் போற, யாருகிட்ட ஒளிக்கற, என்கிட்டயா?”

கேட்டுக்கொண்டே இருந்தவன் தானாக நின்றுவிட்டான். இந்தப் பக்கம் லிஃப்ட் மேலே போய்க் கீழே வந்தது.

“சரி,” என்றான். “சேத்துக்கறேன்.”

அரை மணியில் ஒப்புதல் வந்துவிட்டது.

ஏப்ரல் 21, ஞாயிறு

வந்தான். படகு நேராகப் போனது. பாலத்துக்கு அடுத்த வளைவை ஒரு முட்டல் இல்லாமல் தாண்டினோம். அவனுடைய டீச்சர் மனைவி பரீட்சைத் தாள் திருத்தும்போது போடும் கூச்சல், எங்கள் அம்மாவின் கண் ஆபரேஷன், என் ஆபீஸ் மேலாளரின் விக் என்று எல்லாவற்றையும் பேசினோம். கையைப் பற்றி மட்டும் பேசவில்லை.

தட்டி ஆடுபவர்கள் சிலர் இணையப் பக்கத்தில் புலம்பியிருக்கிறார்கள், விளையாட்டு கெட்டுவிட்டது என்று. ஒருவர் யாருடைய சதி இது என்று கேட்டிருக்கிறார். என் இனம்.

ஏப்ரல் 28, ஞாயிறு

ஆடினோம். இன்று அவன்தான் என்னிடம் தூங்கறியா என்று கேட்டான்.

அண்ணி என்னிடம் சொன்னதை அவனிடம் ஒப்புக்கொண்டுவிட்டாரோ, எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டதோ என்று அடிக்கடி தோன்றுகிறது. தோன்றட்டும். கேட்கப் போவதில்லை.

மே 9, வியாழன்

அண்ணனிடமிருந்து ஒரு கோரிக்கை, அவன் சொந்தப் பெயரில், ஊர் உலகம் பார்க்கிற இடத்தில். திரையில் உள்ள பொத்தான்களைத் தொடக்கத்திலேயே பெரிதாக வைக்க வேண்டுமாம்.

‘இது யாருக்கு வேண்டும்?’

‘எனக்கு. வலது கை நடுங்குகிறது. சின்னப் பொத்தான் பிடிபடுவதில்லை.’

ஆபீஸ் கழிப்பறையில் போய் நின்று அழுதேன். வெளியே வந்து ஒப்புதல் கொடுத்தேன். இந்த விளையாட்டில் ஒரு மாற்றத்தை நான் சோதிக்காமல் சேர்த்தது இதுதான் முதல் தடவை.

மே 10

சோதிக்காமல் சேர்த்ததன் பலன்: பெரிய பொத்தான் கரையில் இருக்கிற தவளையை முழுசாக மறைக்கிறதாம். காலையிலேயே புகார் வந்துவிட்டது. யாரிடமிருந்து என்று இங்கே எழுத வேண்டியதில்லை.